மாத்திரை நின்ற மாதம்



வேலையிலும் வீட்டிலும் வரும் மாற்றங்களைத் தாங்க முடியாமல் எங்களிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் அநேகர். ஓய்வு பெற்ற மறுநாள் எங்கே போவதென்று தெரியாதவர்கள், தங்களைவிட இளைய மேலதிகாரியின் கீழ் தவிப்பவர்கள், மருமகள் வந்த பிறகு சமையலறையில் தங்கள் இடம் எது என்று விளங்காத தாய்மார்கள். இவர்களுக்குச் சொல்ல எங்களிடம் இருப்பது பெரும்பாலும் தொழுநோய்ப் பிரிவில் நாங்கள் கற்றதுதான். அதையும் தவறு செய்துதான் கற்றோம்.

1980-களின் இறுதியில், இறையியல் படிப்பை முடித்து நாங்கள் மருத்துவமனை ஊழியத்துக்கு வந்த சமயம், தொழுநோய் சிகிச்சையில் பெரிய மாறுதல் நடந்துகொண்டிருந்தது. 1940-களிலிருந்து டாப்சோன் மாத்திரைதான் முக்கிய மருந்து. உடலில் கிருமிகள் அதிகமாயிருந்தவர்கள் அதை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியிருந்தது. நாளடைவில் கிருமிகள் அதற்கு அடங்காமற்போகவே, 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. கிருமிகள் அதிகமுள்ளவர்களுக்கு டாப்சோனுடன் ரிஃபாம்பிசினும் குளோஃபாசிமினும் சேர்த்து, குறைந்தது 2 ஆண்டுகள். கிருமிகள் குறைவாயுள்ளவர்களுக்கு 6 மாதமே போதும். சிறுநீர் சிவந்து போகும், தோல் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லாத இடங்களில் பயந்து மருந்தை விட்டவர்களும் உண்டு. நாங்கள் அதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னோம். சொல்ல மறந்தது வேறொன்று.

எங்கள் மருத்துவமனையில் முதலாவது குழு சிகிச்சையை முடித்தபோது ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். சான்றிதழ் கொடுத்து, இனி மாத்திரை வேண்டாம், வீட்டுக்குச் சந்தோஷமாய்ப் போங்கள் என்றோம். அடுத்த மாதம் அதே கிழமையில் பெரியவர் ஒருவர் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் வந்து போனவர். குணமாகிவிட்டதே ஐயா, இன்னும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டோம்.

"மாசம் ஒருநாள் இங்க வந்தா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க. இனிமே யாருங்க ஐயா கூப்பிடுவா?" என்றார்.

எங்களுக்குப் பதில் வரவில்லை. நாங்கள் அவருக்குக் கொடுத்ததை மட்டும் எண்ணியிருந்தோம். மாதம் ஒருமுறை பேருந்துப் பயணம், வாசல் டீக்கடை, வேப்பமரத்தடியில் பேச்சுக்குக் கிடைத்த நண்பர்கள், ஊரில் ஒருவரும் சொல்லாத அவருடைய பெயர். இவ்வளவையும் அந்தச் சான்றிதழ் எடுத்துக்கொண்டது.

எஸ்றாவின் புத்தகம் 3-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் தேவாலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் அழுகிறார்கள், மற்றவர்கள் ஆனந்தத்தால் ஆர்ப்பரிக்கிறார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பகுத்தறியக் கூடவில்லை. இந்தப் பகுதியை நாங்கள் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம், ஒவ்வொரு முறையும் அழுதவர்களுக்குப் புத்தி சொல்லியே முடித்திருக்கிறோம். அந்தப் பெரியவர் வந்துபோன பிறகு திரும்ப வாசித்துப் பார்த்தால், அந்த அதிகாரத்தில் அவர்களை ஒருவரும் கடிந்துகொள்ளவேயில்லை.

பிற்பாடு மருத்துவர்களோடு கலந்து, மருந்து வாங்கிய அதே கிழமையைக் காலைப் பராமரிக்கும் நாளாக மாற்றினோம். இதற்கு மருத்துவ நியாயமும் இருந்தது. கிருமி ஒழிந்தாலும், மரத்துப்போன பாதத்துக்கு உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. முள் குத்தினாலும் தெரியாது. பாதங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்த்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவி, புண் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். மெத்தென்ற ரப்பர் செருப்பு தேய்ந்தால் மாற்ற வேண்டும். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு அந்தச் செருப்புகளுக்கே செல்கிறது. பெரியவர் வந்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்.

அந்த ஞானம் எங்கள் சொந்த ஊழியர் விஷயத்தில் எங்களுக்கு உதவவில்லை என்பதையும் எழுத வேண்டும். 1990-களின் இறுதியிலிருந்து தொழுநோய்ப் பணி பொதுச் சுகாதாரப் பணியோடு இணைக்கப்பட்டது. தேசிய அளவில் 2005 டிசம்பரிலேயே பதினாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்துவிட்டதாக அறிவிப்பும் வந்தது. நல்ல செய்திதான். ஆனால் சைக்கிளில் ஊர் ஊராய்ப் போய், முழங்கை நரம்பைத் தடவி, பேனா முனையால் உணர்ச்சி சோதித்து நோயைக் கண்டுபிடித்த களப்பணியாளர் ஒருவரைப் பதிவுச்சீட்டு எழுதும் இடத்தில் உட்காரவைத்தோம். கடிதம் மேசையில் இருந்தது, அவரிடம் ஒருவரும் உட்கார்ந்து பேசவில்லை. அவர் காலை ஜெபத்துக்கு வருவதை நிறுத்தினார். நாங்களோ கீழ்ப்படிதலைப் பற்றி அவருக்குப் போதித்தோம்! சில மாதம் கழித்துத்தான் ஒரு மருத்துவர் அவரிடம், உங்கள் விரல்களுக்குத் தெரிந்ததை எங்கள் இளம் செவிலியருக்கு யார் கற்றுக்கொடுப்பது என்று கேட்டார். வாரம் இரண்டு நாள் அவர் வகுப்பெடுத்தார். அவர் மனம் முற்றிலும் ஆறிற்று என்று சொல்லமாட்டோம். இன்றும் நாடெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாய் இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது, ஆகையால் அவர் கற்றுக்கொடுத்தது வீணாகவில்லை.

இப்போதெல்லாம் ஆலோசனைக்கு வருகிறவரிடம் முதலாவது, இந்த மாற்றத்தில் உங்களைவிட்டுப் போவது என்ன என்று கேட்கிறோம். சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். சிலருக்கு இரண்டு மூன்று சந்திப்புகள் ஆகும். பதில் பெரும்பாலும் மிகச் சிறியதாயிருக்கும்: ஒரு நாற்காலி, ஒரு சாவிக்கொத்து, காலை பத்து மணிக்குக் காபி கொண்டுவரும் பையன். அதைக் கேட்டுச் சிரித்துவிடாமலிருக்க நாங்களே பழக வேண்டியிருந்தது.

வீட்டின் வேகம் மருத்துவமனையின் வேகமல்ல. மருந்து தொடங்கியவுடனே நோய் மற்றவருக்குத் தொற்றாது என்று அந்தப் பெரியவரின் வீட்டாரிடம் பலமுறை விளக்கினோம். மருமகள் தலையசைப்பாள். ஆனாலும் திண்ணையில் அவருக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியே இருக்கும். எங்கள் களப்பணியாளர் போகும்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீட்டில் சாப்பிட்டு வருவார், வேறொன்றும் பேசமாட்டார். இப்படி மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்றன. பிறகு பாதம் பார்க்கும் நாள் ஒன்றில் பெரியவர் எங்களிடம் மெதுவாய்ச் சொன்னார். விளையாடிவிட்டு வந்த பேரன் தாகத்தில் திண்ணையிலிருந்த டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டானாம். மருமகள் பார்த்துக்கொண்டுதான் நின்றாளாம், ஒன்றும் சொல்லவில்லையாம்.