குரலைச் சுற்றி ஒரு பியானோ: ஜாஸ் ரீமிக்ஸ் செய்யும் முறை

நம் ஊரில் ரீமிக்ஸ் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'மடை திறந்து'. 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டை, 2006-இல் கோலாலம்பூரின் யோகி பி & நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தில் ராப்பாக மாற்றினார்கள். அது பாட்டின் மேல் ஏற்றிக்கொண்டே போகும் வேலை. ஜாஸ் பியானோ ரீமிக்ஸில் இறக்கிக்கொண்டே வர வேண்டும். குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ், பிரஷ்ஷால் தடவும் டிரம்ஸ், இந்த மூன்றை வைத்தே பாட்டை மறுபடி எழுப்ப வேண்டும். பூச்சோங் அபார்ட்மெண்ட் ஒன்றின் படுக்கையறையே இதற்குப் போதும். 88 கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோ, ஹெட்போன், ரீப்பர் அல்லது லாஜிக் போன்ற ஒரு பதிவு மென்பொருள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

குரலைக் கேட்டு வாங்குங்கள்

பாடகரைத் தெரியும் என்றால் அவரிடமே கேளுங்கள். எக்கோ, ரிவெர்ப், ஆட்டோ டியூன் எதுவும் சேர்க்காத தனிக்குரல் வேண்டும். 24 பிட் வேவ் கோப்பாக, பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேண்டும். எம்பி3 வேண்டாம். எத்தனை கட்டை சுருதியில் பாடினார், எந்த வேகத்தில் பாடினார் என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே பதிவு செய்வதென்றால் துணிகள் தொங்கும் அலமாரியின் முன்னால் நிற்க வைத்துப் பாடச் சொல்லுங்கள். ஏர்கானை அணைத்துவிடுங்கள். எல்.டி.பி. நெடுஞ்சாலைப் பக்கம் ஜன்னல் இருந்தால் இரவு நேரம் நல்லது. மழை பெய்தால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பாட்டு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. அல்டிமேட் வோகல் ரிமூவர் இலவசம். லாஜிக் ப்ரோவில் 2024-இல் வந்த 11-ஆம் பதிப்பு முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் பிரித்தெடுத்த குரலில் பழைய சிம்பலும் வயலினும் மெல்லிய புகையாக ஒட்டிக்கொண்டிருக்கும், குறிப்பாக 'ச', 'ஸ' ஒலிகளில். ஹிப்ஹாப்பில் பெரிய டிரம்ஸ் அதை மூடிவிடும். மூன்றே வாத்தியங்கள் உள்ள ஜாஸில் அது அப்படியே கேட்கும். அதனால்தான் தனிக்குரல் கேட்டு வாங்குவது மேல் என்கிறேன்.

அனுமதியை இப்போதே கவனித்துவிடுங்கள். ஒரு பதிவில் பாடல்-மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை என்று தனித்தனியே இருக்கிறது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் இரண்டையும் காக்கிறது. பாடியவருக்கும் அதில் உரிமை உண்டு. இசையமைப்பாளர், பாடலாசிரியர் சார்பில் இங்கே ராயல்டி வசூலிக்கும் அமைப்பு எம்.ஏ.சி.பி. ஒலிப்பதிவுக்கு அந்தப் பதிவை வெளியிட்ட நிறுவனத்தைத் தனியே கேட்க வேண்டும். பாரதி பாட்டுதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பாரதி 1921-இல் மறைந்தவர், வரிகளுக்குத் தடையில்லை. ஆனால் அதற்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. முதல் முயற்சிக்கு நண்பர் ஒருவர் திருப்புகழையோ தேவாரத்தையோ சொந்த மெட்டில் பாடித் தருவது வசதி.

சுருதியும் வேகமும்

1 கட்டை என்றால் சி, 2 என்றால் டி, 5 என்றால் ஜி. பாடகி 5 கட்டையில் பாடியிருந்தால் அவருடைய ஸட்ஜம் ஜி. பழைய பதிவுகளில் சுருதி சற்று மேலேயோ கீழேயோ நிற்கும். அப்போது குரலைத் திருத்த வேண்டாம், பியானோவைத் திருத்துங்கள். பெரும்பாலான மென்பொருள் பியானோக்களில் 440 என்ற சுருதி எண்ணை ஏற்றி இறக்க ஓர் இடம் இருக்கும்.

வேகத்திலும் அப்படித்தான். கிளிக் இல்லாமல் பாடிய குரலை இழுத்து நேர்கோட்டில் நிறுத்தினால் உயிர் போய்விடும். தாளத் தட்டு ஒவ்வொன்றையும் கையால் குறித்து, மென்பொருளின் கட்டங்கள் குரலைப் பின்தொடரும்படி செய்யுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் சரியாகச் செய்தால் பின்னால் வரும் எல்லாம் எளிது.

ஆதி தாளத்தின் 8 அட்சரம் இரண்டு 4/4 பார்களில் அடங்கும். ரூபகத்தை ஜாஸ் வால்ட்ஸாக்கலாம். ஸ்விங் என்பது ஏறத்தாழ திஸ்ர நடையின் முதல் தட்டையும் மூன்றாம் தட்டையும் மட்டும் அடிப்பது. பாடகர் சதுஸ்ர நடையில் வேகமான சங்கதிகள் போட்டிருந்தால் அதன் கீழ் ஸ்விங் டிரம்ஸ் தடுமாறும். அங்கே போஸா நோவா மாதிரி நேரான தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மோகனத்தில் ஓர் உதாரணம்

5 கட்டையில் மோகனம் என்று வைத்துக்கொள்வோம். சுரங்கள் ஜி, ஏ, பி, டி, ஈ. மத்யமமும் நிஷாதமும் இல்லை. பாடகி தொடாத அந்த இரண்டு இடங்களில்தான் பியானோவுக்கு விளையாட இடம். எஃப் ஷார்ப் சேர்த்தால் பளிச்சென்ற ஜி மேஜர் 7. எஃப் சேர்த்தால் புளூஸ் வாடை அடிக்கும் ஜி 7. குரல் மாறவே இல்லை, ஆனால் பாட்டின் முகம் மாறிவிடுகிறது.

முதலில் பாடகி நீளமாக நிறுத்தும் சுரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஸட்ஜத்தில் கார்வை கொடுத்து நிற்கிறார் என்றால், அந்த ஒரே ஜி-க்குக் கீழே சி மேஜர் 7 வைத்தால் அது 5-ஆம் சுரம். ஈ மைனர் 7 வைத்தால் 3. ஏ மைனர் 7 வைத்தால் 7. எஃப் மேஜர் 9 வைத்தால் 9. ஈ ஃபிளாட் மேஜர் 7 வைத்தால் மறுபடி 3, ஆனால் ராகத்துக்கு வெளியிலிருந்து வரும் வெளிச்சம். ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்துப் பாட்டின் பொருளுக்கு எது ஒட்டுகிறது என்று தேர்ந்தெடுங்கள்.

பல்லவிக்கு நான்கு பார் இப்படித் தொடங்கலாம்: ஜி மேஜர் 9, ஈ மைனர் 9, ஏ மைனர் 9, டி 13 சஸ். இரண்டாம் முறை பல்லவி வரும்போது சி மேஜர் 9, பி மைனர் 7, ஈ மைனர் 9, ஏ 13. இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. பி மைனரில் உள்ள எஃப் ஷார்ப்பின் மேல் நீண்ட ஸட்ஜம் நின்றால் உரசும். ஏ 13-இல் சி ஷார்ப் இருக்கிறது. பாடகி அங்கே பஞ்சமத்தில், அதாவது டி-யில், நின்றால் ஏ 7 சஸ் ஆக மாற்றிவிடுங்கள். ராகத்தில் இல்லாத சுரத்தைச் சேர்ப்பதால் சம்பிரதாயக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அறிந்துதான் மீறுகிறோம்.

அசையும் சுரத்தைத் தொடாதீர்கள்

நம் குரலோடு ஜாஸ் பியானோவைச் சேர்ப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மோகனம் தப்பித்துக்கொள்ளும். கரகரப்பிரியாவை எடுங்கள். ஜாஸில் டோரியன் என்று சொல்லும் அளவுகோல் அதுவேதான். 1959-இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தின் முதல் உருப்படியே டோரியனில் நடக்கிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்று. பாடும்போதோ காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடும். ஜி சுருதியில் அந்தக் காந்தாரம் பி ஃபிளாட். குரல் அதை ஆட்டிக்கொண்டிருக்கும்போது பியானோ பி ஃபிளாட்டை அடித்து ஆணி அறைந்தால், பாடகி சுருதி தவறியதுபோலக் கேட்கும். தவறு பியானோவுடையது.

தீர்வு எளிது. எந்தச் சுரத்தில் கமகம் என்ற அந்த அசைவு வருகிறதோ அதை அந்த இடத்துக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜி மைனர் வேண்டிய இடத்தில் டி, ஜி, சி, எஃப் என்று நான்காம் இடைவெளிகளாக அடுக்குங்கள். மைனரா மேஜரா என்பதைக் குரலே சொல்லிக்கொள்ளும். தோடி மாதிரி ராகமென்றால் ஸட்ஜ-பஞ்சமத்தோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை. முதல் ரீமிக்ஸுக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

கர்நாடகப் பாடகர் சிக்கில் குருசரணோடு சென்னைப் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசன் செய்த பதிவுகளைக் கேளுங்கள். அது ஜாஸ் இல்லை. ஆனால் கர்நாடகக் குரல் அசையும் நேரத்தில் பியானோ எப்படிக் காத்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஜாஸ் வாடைக்கு ஏ.ஆர். ரஹ்மானின் 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' (இருவர், 1997) இருக்கிறது. நேரில் கேட்க வேண்டுமானால் கோலாலம்பூரின் ஜாலான் மெசுயில் 1998-இல் தொடங்கிய நோ பிளாக் டை என்ற ஜாஸ் கிளப் பக்கம் ஒரு மாலை போய் வாருங்கள். பியானோக்காரரின் இடது கையை மட்டும் பாருங்கள்.

கையை எங்கே வைப்பது

மூல சுரத்தைப் பேஸுக்கு விட்டுவிடுங்கள். இடது கைக்கு 3, 5, 7, 9 போதும். ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் காலத்திலிருந்து பலர் இப்படித்தான் வாசிக்கிறார்கள். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே நெருக்கமான கார்டுகளை அடுக்கினால் சேறாகிவிடும். தாளத்தில் இன்னொரு ஜாஸ் பியானோ கலைஞர் ரெட் கார்லண்டின் பழக்கம் நல்லது: இரண்டாம் தட்டும் நான்காம் தட்டும் முடிந்து அரை இடம் தள்ளி ஒரு சிறிய கார்டு. பாட்டின் எடுப்பே அரை இடம் தள்ளித்தான் என்றால் இரண்டும் மோதும். அங்கே கார்டைத் தட்டின் மேலேயே வையுங்கள்.

வலது கை பாடகி மூச்சு விடும் இடத்தில் மட்டும் பேசட்டும். வரிகளை அச்செடுத்து, மூச்சு வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் தவிர வேறெங்கும் அலங்காரம் வேண்டாம். முதல் சரணத்தில் பேஸ் கூட வேண்டாம், குரலும் பியானோவும் போதும். மூலப் பாட்டின் இடையிசை இருந்த இடம் உங்களுடையது: 16 பார் தனியாக வாசியுங்கள், ஆனால் மெட்டின் ஒரு துண்டையாவது எடுத்து அதிலிருந்து கிளம்புங்கள்.

கலவை

குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பியானோவில் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபல் இறக்கினால் சொற்கள் தெளியும். குரலுக்கும் பியானோவுக்கும் ஒரே ரிவெர்ப் கொடுங்கள், இருவரும் ஒரே அறையில் இருப்பதுபோல் இருக்கும். பிறகு காரில் போட்டுக் கேளுங்கள். மாலை நெரிசலில் டோல் வரை ஊர்ந்து போகும்போது முழுப் பாட்டும் ஓடி முடிந்துவிடும். அந்த இரைச்சலில் வரி புரியவில்லை என்றால் பியானோ சத்தம் கூடுதல்.

கடைசியாகப் பாடகருக்கு அனுப்புங்கள். "இந்த இடத்தில் பியானோ அதிகம்" என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம். அந்த நான்கு பாரையும் மியூட் செய்து திரும்ப அனுப்பிப் பாருங்கள்.