சங்கக் கணிப்பொறிக்கு ஏற்ற இயங்குதளம் எது?

கூட்டுறவுச் சங்கங்களின் ரொக்கப் புத்தகமும், பேரேடும், சரக்கிருப்புப் பதிவேடும் இன்று கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. நெசவாளரின் கூலிக் கணக்கும் விவசாயியின் பயிர்க்கடன் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. ஆகவே, அப்பொறியை இயக்குவது எது என்னும் கேள்வி எழுத்தருக்கு மட்டும் உரியதன்று. அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உரியது. அதனை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

இயங்குதளம் என்பது யாது? தறி இல்லையேல் பாவும் ஊடையும் துணியாவதில்லை. அவ்வாறே, கணக்கு எழுதும் மென்பொருளும், அச்சுப்பொறியும், விசைப்பலகையும் ஒன்றுபட்டு வேலை செய்ய இடந்தரும் அடிப்படை மென்பொருளே இயங்குதளமாகும். மேசைக் கணிப்பொறிகளில் இன்று மூன்று முக்கியமானவை: மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ், ஆப்பிள் நிறுவனத்தின் மேக், பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த லினக்ஸ்.

மேக் ஆப்பிள் நிறுவனத்தின் பொறிகளுக்கென்றே அமைந்தது. அது அழகும் ஒழுங்கும் உடையது. எனினும் அப்பொறியின் விலை சிறு சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்திற்கு அடங்குவதன்று. ஆதலின் மற்ற இரண்டையுமே நாம் எடை போட வேண்டும்.

விண்டோஸின் பெரும் நன்மை பழக்கம். எழுத்தர் அறிவார், பழுது பார்ப்பவர் பக்கத்து ஊரிலேயே கிடைப்பார், டாலி போன்ற கணக்கு மென்பொருள் அதற்கெனவே எழுதப்பட்டது. தொல்லைகளும் உண்டு. உரிமத்திற்கு விலை கொடுக்க வேண்டும். வேலை நேரத்தில் புதுப்பிப்பு வந்து காத்திருக்கச் செய்யும். எல்லாவற்றினும் பெரிது, பழைய பதிப்பிற்கு ஆதரவு நின்றுபோவது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. கட்டணத்தின் பேரில் கிடைக்கும் நீட்டிப்பு சில காலத்திற்கே. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டுமென்கிறது. நன்றாய் ஓடும் பழைய பொறிகள் பல இதனால் ஒதுக்கப்படுகின்றன.

ஆதரவு நின்றாலென்ன என்று சிலர் வினவலாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் தீநிரல் பல நாடுகளின் விண்டோஸ் பொறிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிப் பணயப்பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளின் பணியும் தடைப்பட்டது. அதற்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. ஆயினும் அதனை ஏற்காத பொறிகளே அகப்பட்டன. திருத்தமே வராத பொறியின் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கவும்.

லினக்ஸிற்கு உரிமக் கட்டணம் இல்லை. மூல நிரலை யாவரும் காணலாம், திருத்தலாம், பகிரலாம். பழைய பொறியிலும் ஓடும் இலகுவான பதிப்புகள் உண்டு. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் பதிப்பை உருவாக்கியுள்ளது. கேரள அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாக லினக்ஸையே கையாள்கின்றன. அதன் தொல்லைகள் வேறு. டாலி நேரடியாக ஓடாது. சில அச்சுப்பொறிகளும், மின்னணுக் கையொப்பச் சாதனங்களும் எளிதில் இணங்குவதில்லை. கைகொடுக்கும் பழுது பார்ப்பவர் சிற்றூரில் அரிது.

உரிமமில்லாத விண்டோஸை நிறுவிக்கொள்வதே சிக்கனம் என்பாரும் உளர். திருட்டுப் பிரதி என்றறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமாகும். அத்துடன், பட்டியல் இல்லாத பொருளைச் சங்கச் சொத்தாகத் தணிக்கையில் எவ்வாறு காட்டுவது?

முடிவு செய்யுமுன் நிர்வாகக் குழு நான்கு காரியங்களைச் செய்தல் நன்று. முதலாவது, கணக்கு மென்பொருள் எத்தளத்தில் ஓடுகிறதென்று எழுத்துமூலம் கேட்டறிதல். உலாவிவழி இயங்குவதாயின் எத்தளமும் பெரும்பாலும் போதும். இரண்டாவது, எல்லாக் கோப்புகளுக்கும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல். மூன்றாவது, லினக்ஸைப் பேனா வட்டிலிருந்தே இயக்கி அச்சுப்பொறியையும் தமிழ்த் தட்டச்சையும் சோதித்தல். இதனால் பொறியிலுள்ளது மாறாது. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றிவிட்டால் எத்தளத்திலும் படிக்கலாம். நான்காவது, உரிமம், பயிற்சி, பழுது ஆகிய மூன்றின் ஐந்தாண்டுச் செலவையும் கூட்டிப் பார்த்தல்.

எங்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. டாலியை நம்பியிருக்கும் சங்கம் அதற்குரிய ஒரு பொறியில் உரிமம் பெற்ற விண்டோஸ் வைத்து, கடிதம் எழுதவும் பட்டியல் தயாரிக்கவும் உள்ள பழைய பொறிகளை லினக்ஸிற்கு மாற்றலாம் என்பது நம் கருத்து. எம்முடிவாயினும் தீர்மானப் புத்தகத்தில் காரணத்துடன் பதிக. ஆதரவு முடியும் தேதியையும் அதனருகே குறித்து வைத்தால், அடுத்த குழு இருட்டில் தடவ வேண்டியிராது.