பூட்டு சரி, போல்ட்?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் பூட்டு தொங்கும் கிரில் கதவைச் சுவரோடு பிடித்திருப்பவை ஆங்கர் போல்ட்டுகள். கடப்பாரையோடு வருகிறவன் கண் முதலில் அங்கேதான் போகும்.

1. நட்டை முறுக்கினால் உள்ளே விரிந்து இறுகும் போல்ட் கான்கிரீட்டுக்கு உரியது. செங்கல்லில் முறுக்கினால் கல் பிளந்துவிடும். ஹாலோ பிளாக்கில் பற்றிக்கொள்ள ஒன்றுமே இருக்காது. அங்கெல்லாம் பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர். ஹாலோ பிளாக் என்றால் சல்லடைக் குழலும் சேர்த்து.

2. போல்ட் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில் சிமென்ட் பூச்சைச் சேர்க்காதீர்கள். பூச்சு எடை தாங்காது.

3. துளையின் தூசியை எடுக்காமல் பசை ஊற்றினால் அது தூசியில்தான் ஒட்டும். பிரஷ் விட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து ஊதவேண்டும். கூலிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் வேலை இது, பக்கத்திலேயே நில்லுங்கள். சித்திரை வெயிலில் பசை மளமளவென்று இறுகும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

4. தூணின் ஓரத்தில் துளைக்காதீர்கள், மூலை தெறிக்கும். 10 மி.மீ. போல்ட்டுக்கு 10 செ.மீ.யாவது உள்ளே தள்ளிப் போடலாம்.

5. இரும்புப் பெட்டியைத் தரையோடு பிணைத்தால் நட்டு பெட்டிக்கு உள்ளே வரட்டும். வெளியே நட்டு தெரிந்தால் ஒரு ஸ்பேனர் போதும், பெட்டியோடு தூக்கிவிடுவான்.

6. கிரில்லில் வெளியே தெரியும் நட்டுக்கு ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கள். கெமிக்கல் ஆங்கரில் மட்டும் வேண்டாம். சூட்டில் பசை பிடிப்பை விட்டுவிடும்.

7. தொட்டில், ஊஞ்சலுக்குப் பிளாஸ்டிக் பிளக் கூடவே கூடாது. அது கண்ணாடி, சாமி படம் மாட்டத்தான். ஊஞ்சல் ஆட ஆட விரியும் போல்ட்டும் நாளடைவில் தளரும். வீடு கட்டும்போதே சென்ட்ரிங் கம்பியில் கொக்கியைக் கட்டிவிடுவது உத்தமம். கட்டி முடித்த வீடென்றால், தளத்தின் கனத்தை இன்ஜினீயரிடம் காட்டிவிட்டு, ஊடுருவத் துளைத்து மாடியில் தகடு வைத்து நட்டு போடலாம். மழைநீர் இறங்காமல் அடைக்க மறக்கவேண்டாம். மரச்சட்டத்தின் மேல் சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய வீட்டில் இந்த ஆசையே வேண்டாம்.

8. மோட்டார் மேடைக்கு வளைந்த பவுண்டேஷன் போல்ட்டைக் கான்கிரீட் போடும்போதே பதித்துவிடுங்கள்.

9. குளியலறை ஹீட்டருக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்டு வாங்குங்கள். அதற்குத் துளை போடுமுன் சுவருக்குள் வயர் குழாய், தண்ணீர்க் குழாய் எப்படிப் போகிறது என்று எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.