துப்பாக்கி பழகப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

லைசென்ஸுக்கு மனு போடும் முன்பே சுடப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தாய். வரிசை சரி. 2016 ஆயுத விதிகளும் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றைக் கேட்கின்றன.

ரைபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் பிஸ்டலில் தொடங்கு. தற்காப்புக்கு இதுவா என்று உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 10 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அகலம்தான். அங்கே விரலைப் பழக்காதவன் .32 பிஸ்டலை எடுத்தால் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடுவதைத்தான் கற்பான்.

வீட்டில் குண்டில்லாமல் பழகு. பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்கட்டும். பிஸ்டல் காலியா என்று பார். இன்னொரு முறையும் பார். செங்கல் சுவரைப் பார்த்து நில். விசையில் விரல் நுனிச் சதை மட்டும் படட்டும், மூட்டு மடிப்பு படக் கூடாது. கண் முன்குறியை விட்டு நகராமல் மெல்ல அழுத்து. 'கிளிக்' விழும்போது முன்குறி இடப்பக்கம் கீழே சாய்ந்தால் வெடுக்கென்று இழுத்திருக்கிறாய். வலக்கைக்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் தவறுவார்கள். பாயிண்ட் டூ டூ பிஸ்டலில் டம்மி ரவுண்டு இல்லாமல் இதைச் செய்யாதே, ஊசி கெட்டுப்போகும்.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் நான் கறாராக இருப்பேன். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பயிற்சித் தளத்தில் சுட்டுக்கொண்டிருந்த வேளையில், தள்ளியிருந்த வீட்டில் 11 வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். சுட்டுப் பழகியவர்கள் இருந்த இடத்திலேயே இந்தக் கதி. மாமல்லபுரம் பக்கம் சவுக்குத் தோப்பில் ஆளில்லை என்று ஏர் பிஸ்டலைக்கூட எடுத்துப் போகாதே. தோப்பைத் தாண்டினால் வலை உலர்த்துகிறவர்கள் இருப்பார்கள். பாறையில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படி. போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை என்கிறது 37. திருக்கழுக்குன்றத்து வயலில் பம்ப்செட் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறவனைச் சுட்டுக் கொன்றால் கொலை வழக்கு உன்மேல்தான். தவிர, தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் நல்ல பூட்டு, நாய், 112 இவைதான் துணை. மற்ற நாளிலும் முதலில் இவைதான் என்பது என் கட்சி. உங்கள் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.

சதுரங்கப்பட்டினத்து வீட்டில் வைப்பதாக இருந்தால் தோல் உறையில் வைக்காதே. தோல் ஈரத்தை இழுக்கும், உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் பூட்டு. தோட்டா வேறு பூட்டில்.

கிளப் ஃபாரம் வாங்கியதும் சொல். முதல் நாள் கூட வருகிறேன், உன் பிடியைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்