உன் நிறுவனத்தைப் பற்றி நீ எழுதும்போது

அன்பு மகளுக்கு,

உங்கள் அறக்கட்டளையைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து மகிழ்ந்தேன். வரைவையும் படித்தேன். நிறைய உழைத்திருக்கிறாய். ஆனாலும் இதை இப்படியே ஏற்றிவிடாதே அம்மா.

முதல் வரியிலேயே ‘கல்வித் தொண்டில் தலைசிறந்து விளங்கும்’ என்று வருகிறது. யார் சொன்னது? நீங்களேதான். உங்கள் அறக்கட்டளையின் பள்ளி எந்த ஆண்டு, எந்த ஊரில், யார் நிலத்தில் தொடங்கியது என்பதெல்லாம் தகவல். ‘தலைசிறந்தது’ என்பது தீர்ப்பு. அப்படியொரு தீர்ப்பு வேண்டுமென்றால், உங்களோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் அச்சில் சொல்லியிருக்க வேண்டும். அவர் பெயரோடு அதை எழுது. நிறுவனரைப் பற்றி வரும் ‘கல்வித் தந்தை’, ‘வள்ளல்’, ‘ஐயா அவர்கள்’ எல்லாவற்றையும் எடுத்துவிடு. ‘தொடங்கினார்’ என்று எழுதினாலே போதிய மரியாதை வந்துவிடுகிறது. பொன்னாடைப் பேச்சு விழா மேடைக்கு உரியது.

அடுத்தது சான்று. நீ காட்டியிருக்கும் பன்னிரண்டு மேற்கோள்களில் ஒன்பது உங்கள் பொன்விழா மலரிலிருந்தும் ஆண்டறிக்கைகளிலிருந்தும் வந்தவை. தொடங்கிய தேதி, அறங்காவலர் பெயர் போன்ற மறுப்பில்லாத விவரங்களுக்கு அவை போதும், பெருமைக்கு உதவாது. நாளிதழ்ச் செய்தி என்று காட்டியிருப்பதில் இரண்டு, நீங்கள் அனுப்பிய அறிக்கையை அவர்கள் அப்படியே அச்சிட்டவை. அதுவும் உங்கள் குரல்தான்.

கணினியை மூடிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பு. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்கள் வந்து சேரும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. மாவட்ட விவரச் சுவடிகள், உயர் நீதிமன்றத் தீர்ப்புகள், உங்கள் வட்டாரத்தைப் பற்றிய ஆய்வேடுகள் எல்லாவற்றையும் புரட்டு. உங்களைப் பற்றிப் பிறர் விரிவாக எழுதியவை மூன்று நான்காவது கிடைத்தால் கட்டுரைக்கு அடித்தளம் உண்டு. எதுவுமே கிடைக்கவில்லையென்றால் இப்போது கட்டுரை வேண்டாம் என்று உன் செயலாளரிடம் நேராகச் சொல். தனிக் கட்டுரைக்குரிய குறிப்பிடத்தக்கமை இல்லையென்று பிறர் அதை நீக்கிய பிறகு வருந்துவதைவிட அது மேல்.

சான்றை ஏன் இப்படி வலியுறுத்துகிறேன் தெரியுமா? பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. அங்கே கட்டுரைகளை அந்தந்தத் துறை அறிஞர்கள் எழுதினார்கள். வாசகர் அவர்களின் புலமையை நம்பினார். விக்கிப்பீடியாவில் எழுதியவர் யாரென்றே வாசகருக்குத் தெரியாது. அவர் நம்புவதற்கு அடிக்குறிப்பு ஒன்றுதான் இருக்கிறது. அதில் நீ ஏமாற்றினால் அவருக்குப் பிடிமானமே இல்லை. நான் இத்தனை கண்டிப்பாக எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

நீ அங்கே சம்பளம் வாங்குகிறாய். அதை மறைக்காதே. பணம் பெற்றுத் தொகுப்பவர் தம் முதலாளி யார் என்று வெளிப்படுத்தியாக வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. உன் பயனர் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிடு. மறைத்துச் செய்தவர்களின் கதை நல்லபடி முடிந்ததில்லை. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் பணத்துக்காகக் கள்ளத்தனமாக எழுதிய 381 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கினார்கள். விக்கிப்பீடியாவின் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே 2005இல் தன்னைப் பற்றிய கட்டுரையில் கைவைத்தார். லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று சொல்லும் குறிப்பை நீக்கினார். வரலாற்றுப் பக்கம் அதைக் காட்டிக்கொடுத்தது, பிறகு அவர் வருத்தம் தெரிவித்தார். எந்தக் கணக்கிலிருந்து எப்போது எந்தச் சொல் மாறியது என்பது அங்கே அப்படியே நிற்கும்.

ஆசிரியர்கள் நடத்திய வேலைநிறுத்தம் உன் வரைவில் இல்லை. ஊரறிந்த செய்தி அது, நாளிதழ்களிலும் வந்தது. அதைச் சேர். எத்தனை நாள் நடந்தது, அவர்கள் என்ன கேட்டார்கள், நிர்வாகம் என்ன சொன்னது, எப்படி முடிந்தது என்று நான்கு வாக்கியம் போதும். ‘சில தீய சக்திகளின் தூண்டுதலால்’ என்று எழுதாதே. கட்டுரை முழுவதையும் அதற்கே கொடுக்கவும் வேண்டாம். நம்பத்தகுந்த சான்றுகள் எந்த அளவுக்குப் பேசுகின்றனவோ அந்த அளவு இடம். இந்தப் பகுதியை எழுதும்போது உனக்குக் கை நடுங்கும் என்று எனக்குத் தெரியும். அறுபது ஆண்டு நடந்த ஒரு நிறுவனம் நான்கு வாக்கியத்தில் சரிந்துவிடாது, கண்ணு.

வரைவை நேரடியாகப் பொதுவெளியில் போடாமல் உன் சோதனைப் பக்கமான மணல்தொட்டியில் வைத்துக்கொள். பிறகு உங்களோடு தொடர்பில்லாத அனுபவமுள்ள பயனர் ஒருவரைப் பார்வையிடச் சொல்லி, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேள். கட்டுரை வந்தபின் பிழை கண்டால் நீயே திருத்தாதே. பேச்சுப் பக்கத்தில் சான்றோடு எழுதிவிட்டுக் காத்திரு. தாமதமாகும். பரவாயில்லை.

செயலாளரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடு: ஏற்றிய பிறகு கட்டுரை நமக்குச் சொந்தமில்லை, பிடிக்காத வரியை அழிக்கச் சொல்லி உன்னை அவர் அனுப்ப முடியாது. அதற்கு ஒத்துக்கொண்டால் மட்டும் வேலையைத் தொடர். இல்லாவிட்டால் அந்த அழகான வாக்கியங்களை உங்கள் இணையதளத்திலேயே போட்டுக்கொள்ளட்டும், அதில் யாருக்கும் குறையில்லை.

கன்னிமாராவில் கிடைப்பதை நகலெடுத்து அனுப்பு. நாளிதழ் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் மறக்காமல் குறித்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா