செக்ரோல் போனது, களிமண் பலகை நின்றது ஏன்?

கேள்வி: என் தாத்தா தென்னமரம் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். அவர் எழுதிய செக்ரோல், அதாவது வருகை, கூலிப் பதிவேடு, ஒன்றுகூட இன்று இல்லை. நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய சுமேரியர் கூலிக் கணக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?
- வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: அருமையான கேள்வி. சுமேரியரின் உம்மா நகரத்துக் கணக்கரின் வேலை உங்கள் தாத்தாவுக்குப் பார்த்ததும் பிடிபட்டிருக்கும். வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார், சீக்கு யார், எத்தனை நாள் என்று காலைப் பெரட்டில் எடுக்கும் அதே கணக்குதான். கூலி மட்டும் வாற்கோதுமை: ஆணுக்கு மாதம் 60 சிலா, பெண்ணுக்குப் பெரும்பாலும் 30. சிலா என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர்.

காலத்துக்கும் நிற்கட்டும் என்று அந்தக் கணக்கர்கள் தாங்கள் எழுதிய களிமண் பலகைகளைச் சூளையில் சுட்டு வைத்தார்கள் எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெரும்பாலானவை வெறுமனே காயவைத்தவை. உள்ளங்கையில் அடங்கும் ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்தினால் ஆப்பு வடிவத் தடம் விழும், அதுதான் ஆப்பெழுத்து. முக்கியமான ரசீது என்றால் அதன்மேல் மெல்லிய களிமண் உறை போர்த்தி, விவரத்தை வெளியிலும் எழுதி, உருளை முத்திரையை, அதாவது படம் செதுக்கிய சிறு கல் உருளையை, உருட்டிவிடுவார்கள். உறையை உடைக்காமல் உள்ளே இருப்பதைத் திருத்த முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! வேலை முடிந்த பலகையை ஊறவைத்துப் பிசைந்தால் மறுபடி எழுதலாம்.

அப்புறம் எப்படிப் பிழைத்தது? களிமண்ணில் கரையான் தின்ன ஒன்றுமில்லை. உலோகம்போல் உருக்கி விற்கவும் முடியாது. கழித்துப்போட்ட பலகைகள் தரைக்கு அடியில் நிரப்பு மண்ணாகக் கிடந்து தப்பின. தாளை அழிக்கும் தீ, களிமண்ணை இறுக்கிவிடும். சிரியாவின் எப்லா அரண்மனை கி.மு. 2300 வாக்கில் எரிந்தது. அந்த நெருப்பில் வெந்த ஆயிரக்கணக்கான பலகைகள் 1975இல் கிடைத்தன.

செக்ரோல் தாள். நம் ஊர்ப் புழுக்கமும் கரையானும் போதும். தோட்டம் கைமாறும்போது பேணி வைக்க ஆளில்லையென்றால் அதோடு சரி. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது உங்கள் தென்னமரத்தில்தான். அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பெயரும் நாட்கூலியும் அப்படிப்பட்ட பதிவேடுகளில்தான் இருந்தன.

உறவினர் வீட்டுப் பெட்டிகளில் பழைய செக்ரோலோ சம்பளச் சீட்டோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு, மூலத்தைக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திடம் காட்டுங்கள். தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.