மீண்டும் மீண்டும் வரும் திடீர் நோய்: உங்கள் நாய்க்கு என்ன நேர்கிறது?

ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. அங்கு வளரும் நான்கு வயது நாய், சனிக்கிழமை மாலை வழக்கம்போல் புல்வெளியில் ஓடி விளையாடிவிட்டு வந்தது. ஞாயிறு காலை எழுந்திருக்கவில்லை. உணவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். ஊசி போட்ட இரண்டாம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றது. ஏழு வாரம் கழித்து மறுபடியும் அதே நிலை. அதன்பின் ஐந்து வாரத்தில் இன்னொரு முறை.

இந்த நாய் பாடத்துக்காகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டுதான். ஆனால் நாய் வளர்ப்போர் பலருக்கு இது பழகிய கதை. முதல் முறை வெயில் என்பார்கள். இரண்டாம் முறை எதையோ தின்றுவிட்டது என்பார்கள். மூன்றாம் முறை பாட்டி கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். சுற்றிப் போடுவதால் நாய்க்குக் கெடுதல் ஏதுமில்லை. அன்றைக்கே மருத்துவரையும் பார்த்துவிட்டால் சரி. வந்தது மூன்று தனித்தனி நோய்களா, ஒரே நோய் மூன்று முறை தலைகாட்டியதா என்று யாரும் கேட்காமல் விடுவதுதான் கெடுதல்.

சிங்கப்பூரின் இராணுவ நாய்கள்

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவத்தின் நாய்களிடையே ஒரு நோய் பரவியது. நன்றாகப் பயிற்சி பெற்ற, திடகாத்திரமான நாய்கள். திடீரென்று காய்ச்சல், சோர்வு, உடல் மெலிவு. சிலவற்றுக்கு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. இரத்தத்தைப் பரிசோதித்தபோது சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே குறைந்திருந்தன. காரணம் தெரியவில்லை. 1967இல்கூட பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் இது ‘ஒரு புதிய நாய் நோய்’ என்றே எழுதப்பட்டது.

அடுத்து வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவ நாய்களுக்கும் இதே நோய் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் மடிந்தன. அதற்குப் பிறகுதான் தேடல் தீவிரமானது. 1969இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள், எர்லிக்கியா கேனிஸ் என்ற மிகச் சிறிய கிருமி இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது உறுதியாயிற்று.

அந்தக் கிருமி புதியதே அல்ல. 1935ஆம் ஆண்டிலேயே அல்ஜீரியாவில், உண்ணி மொய்த்த நாய்களின் இரத்தத்தில் அதைக் கண்டு எழுதிவைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் சிங்கப்பூரில் ஏன் உடனே பிடிபடவில்லை? கிருமி நாயின் உடலில் நடந்துகொள்ளும் விதமே காரணம். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முதல் காய்ச்சல் வருகிறது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் அது தணிந்துவிடும், சில நாய்களுக்கு மருந்தே இல்லாமல். பிறகு மாதக்கணக்கில், சில நாய்களுக்கு ஆண்டுக்கணக்கில், வெளியே எதுவும் தெரியாது. நாய் ஓடும், தின்னும், குரைக்கும். கிருமி உள்ளேயே இருக்கும். நோய் முற்றி மூக்கில் இரத்தம் வரும் நாளில், எப்போதோ காதோரம் ஒட்டியிருந்த உண்ணியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

உண்ணிக் காய்ச்சல் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல

உண்ணியால் வரும் இன்னொரு நோய் நம்மவர்களின் பழைய ஊரோடு தொடர்புடையது. 1910இல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற மருத்துவ ஆய்வாளர், மெட்ராஸின் வேட்டை நாய்களின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். பிறகு நரியின் இரத்தத்திலும் அதையே கண்டார். இன்று அதன் பெயர் பபேசியா கிப்சோனி. இது சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. நாய்க்குக் காய்ச்சல் வரும், ஈறு வெளுக்கும், சிறுநீர் தேயிலைச்சாயம்போல் கறுத்துப் போகலாம். உண்ணியால் மட்டுமல்ல, நாய்கள் கடித்துச் சண்டையிடும்போதும் இது பரவுகிறது. சிகிச்சை பெற்ற நாயின் உடலிலும் சிறிதளவு தங்கி, உடல் தளரும்போது மறுபடியும் தலைதூக்கக்கூடும்.

இரண்டையும் பொதுவாக ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றே சொல்கிறோம். ஆனால் மருந்து வேறு. எர்லிக்கியாவுக்குப் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் என்ற மருந்தை ஏறக்குறைய நான்கு வாரங்களுக்குக் கொடுப்பார்கள். பபேசியா கிப்சோனியை அந்த மருந்து ஒழிக்காது. அதற்கு வேறு மருந்துகளைச் சேர்த்துத் தர வேண்டும். ஆகவே, “போன தடவை மிச்சமான மாத்திரை இருக்கிறது, அதையே கொடுத்துவிடலாம்” என்று நினைக்காதீர்கள். அந்த மாத்திரை மிச்சமானதே தவறு. டாக்சிசைக்ளின் தொடங்கிய ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கி, நாய் தட்டை நக்கும். நாய் தேறிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கிருமி ஒழிவதற்குள் நிறுத்தினால் நோய் திரும்பும். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம். உணவோடு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள்; தொண்டையில் தங்கினால் புண்ணாகும்.

மருத்துவர் இரத்த அணுக்களை எண்ணச் சொல்வார், இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார். அதில் எதுவும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கிருமியின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் நாள்களில் அது கண்ணில் படுவதே அபூர்வம். எதிர்ப்பொருள் பரிசோதனை, நாய்க்குக் கிருமி எப்போதாவது தொற்றியதா என்பதைச் சொல்லும். குணமான பிறகும் பல மாதம் அது ‘உண்டு’ என்றே காட்டலாம். பிசிஆர் பரிசோதனை கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. எந்தப் பரிசோதனையை எந்த நாளில் செய்வது என்று முடிவெடுக்க மருத்துவருக்கு ஒரு தகவல் தேவை. அது உங்களிடம்தான் இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

நாய் நோயுற்ற ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். அதற்கு முந்தைய ஐந்து நாளில் எங்கே நடத்திச் சென்றீர்கள், என்ன தின்றது, வேறு நாயோடு சண்டை போட்டதா, விடுதியில் விட்டிருந்தீர்களா என்பதையும் குறியுங்கள். வாந்தி, சிறுநீர், மலம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்போ மயக்கமோ வந்தால் காணொளி எடுக்கலாம். மருத்துவரிடம் போய்ச் சேரும்போது நாய் சாதுவாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் நடித்துக்காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஈற்றின் நிறத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் ஏறக்குறைய இரண்டு விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். கையால் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது நாய்க்குச் சரிவராது. அதன் இயல்பான வெப்பநிலையே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நமக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும்.

இரண்டு மூன்று பதிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒழுங்கு ஒன்று தெரியத் தொடங்கும். ஓடிய சில நிமிடத்தில் விழுந்து, உடனே எழுந்துவிடும் நாய்க்கு முதலில் இதயத்தைப் பார்ப்பார்கள். விடுதியில் விட்டு வந்த பிறகோ விருந்தாளிகள் வந்துபோன பிறகோ மட்டும் வாந்தியும் தளர்ச்சியும் வந்தால், அட்ரீனல் சுரப்பி போதிய அளவு சுரக்காத நோயாக இருக்கலாம். சில வார இடைவெளியில் காய்ச்சலோடு வந்தால் இரத்தத்தில் தங்கும் கிருமியைத் தேட வேண்டும்.

சமையலறையையும் மறக்க வேண்டாம்

விருந்து நாள்களை ஒட்டியே நோய் வருகிறதா? அப்படியானால் தட்டில் மிஞ்சியதைப் பாருங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. அதன் விளைவு அன்றே தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாக உண்ணிக் காய்ச்சல்போலவே இருக்கும். ஐந்து நாள் உணவை எழுதச் சொல்வது இதனால்தான்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது வெகுநாளாகத் தெரியும். எதனால் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மையம் ஒன்றில் பணியாற்றிய கால்நடை மருத்துவர்கள் அதற்கு விடை தேடித் தந்தார்கள். வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்குத் திராட்சை தின்ற நாய்க்கு வருவதுபோலவே சிறுநீரகம் பழுதானதைக் கவனித்தார்கள். அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு கலந்திருந்தது. அதே அமிலம் திராட்சையிலும் உண்டு. புளியிலும் உண்டு! புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததை அவர்கள் 2022இல் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். தேக்கா சந்தையில் வாங்கிய புளி உருண்டை மேசை விளிம்பில் இருந்தால் உள்ளே எடுத்து வையுங்கள். புளிக்குழம்புச் சோறும், திராட்சை போட்ட பாயசமும் நாய்க்கு வேண்டாம். தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். சிறுநீரகம் பழுதாகிச் சிறுநீர் குறைவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

உண்ணி வீட்டிலும் குடியிருக்கும்

புல்லில்தான் உண்ணி இருக்கும், நம் நாய் மாடி வீட்டு நாய்தானே என்பது பரவலான எண்ணம். பழுப்பு நாய் உண்ணி அப்படிப்பட்டதல்ல. முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை வீட்டுக்குள்ளேயே வாழ அதனால் முடியும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சுவர் இடுக்கிலும் படுக்கை ஓரத்திலும் இடுகிறது. முதிர்ந்த உண்ணி இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் தாங்கும். குணமான நாயை இரண்டாம் முறை நோயில் தள்ளுவது பழைய கிருமியாக இல்லாமல், உங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து வந்த புதிய உண்ணியாகவும் இருக்கலாம்.

எனவே நாய்க்கு உண்ணி மருந்து கொடுக்கும்போதே அதன் படுக்கையை வெந்நீரில் துவையுங்கள். சுவரோரம், கதவு நிலை, சோபாவின் அடிப்பகுதி ஆகியவற்றை வெற்றிடத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். நடை முடிந்து வந்ததும் காது, கழுத்துப்பட்டையின் அடிப்பக்கம், அக்குள், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணி தென்பட்டால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரைப் பறிக்கும்.

நோயுற்ற நாயைத் தொடுவதாலோ அணைப்பதாலோ இந்த உண்ணிக் காய்ச்சல் உங்களுக்கு வராது. நாயைக் குழந்தைகளிடமிருந்து பிரித்து வைக்கத் தேவையில்லை.

ஈறு வெள்ளையாகிவிட்டாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ நின்றுபோனாலோ, நாய் விழுந்து எழ முடியாமல் கிடந்தாலோ நள்ளிரவானாலும் அவசர கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். போகும் முன் வீட்டில் உள்ள பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள். தட்டணு குறைந்திருக்கும் நாய்க்கு ஆஸ்பிரின் இரத்தப்போக்கை அதிகமாக்கும்.

மருந்தகத்துக்குத் தடுப்பூசி அட்டையோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு மருந்தகத்துக்குப் போயிருந்தால், முந்தைய இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து முடிந்த பிறகு தட்டணு எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். அந்தத் தேதியை மருத்துவரிடம் கேட்டு, நோட்டுப் புத்தகத்தின் அடுத்த வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.